மறைந்த வால்வும் மாற்று வால்வும்

பழைய வானொலிப் பெட்டி ஒன்றில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் கண்ணாடியின்மேல் ஒரு பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கடை கடையாகக் கேட்டாயிற்று. "அது இப்பொழுதெல்லாம் வருவதில்லை" என்பதே எங்கும் கிடைக்கும் விடை. அதைச் செய்த தொழிற்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. பெட்டியோ மற்ற எல்லா வகையிலும் நன்றாகவே இருக்கிறது. இனி என்ன செய்வது?

தூக்கி எறிந்துவிடலாம் என்பது ஒரு விடை. ஆனால் அந்த விடையை ஏற்க இயலாத நிலையில் மக்கள் இருந்த காலங்கள் உண்டு. மாற்று உறுப்புத் தேடும் கலை அத்தகைய காலங்களில்தான் வளர்ந்தது. அக்கலையின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஓம் விதியைப் பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடும் மாணவர்கள் சிலர் உளர். அந்த ஒரு விதியை நம்பியே ஒரு போர்க்காலத்தில் எண்ணற்ற வீடுகள் செய்தி கேட்டன என்றால் அவர்களுக்கு வியப்பாக இருக்கக்கூடும்.

முதலில் வால்வு என்பது யாது எனச் சுருக்கமாகக் காண்போம். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் சூடேற்றும் இழை ஒன்று இருக்கிறது. அதனாற் சூடேறும் காதோடு எலெக்ட்ரான்களை வெளிவிடுகிறது. எதிரே உள்ள தகடு நேர் மின்னழுத்தம் பெற்றிருந்தால் அவற்றை ஈர்த்துக்கொள்கிறது. எதிர்த் திசையில் மின்னோட்டம் செல்லாது. ஒருவழிக் கதவைப் போன்ற இந்த அமைப்பை 1904-இல் பிளெமிங் என்ற ஆங்கிலேயர் ஆக்கினார். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் இரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு கம்பிவலையைப் புகுத்தினார். வலையில் உண்டாகும் சிறு மின்னழுத்த மாறுதல் தகட்டின் பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைத்தது. மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கேட்கும் வழி அதனாற் பிறந்தது.

தொடக்க காலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் வால்வுக்குத் தான் விரும்பிய பெயரையே இட்டுக்கொண்டது. ஒரே வேலையைச் செய்யும் வால்வுக்குப் பத்துப் பெயர்கள் இருந்தன. எனவே மாற்றுத் தேடும் முதல் முயற்சி பெயர்களுக்கிடையே உறவு கண்டுபிடிப்பதாகவே இருந்தது. 1933-இல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் ஒரு பெயரிடும் முறையை வகுத்தனர். அதன்படி பெயரின் முதல் எண் சூடேற்றும் இழைக்கு வேண்டிய வோல்ட்டைக் குறிக்கும். மறு ஆண்டு ஐரோப்பாவில் மற்றொரு முறை வந்தது. அங்கே முதலெழுத்து இழையைக் குறித்தது. 'இ' என்றால் 6.3 வோல்ட், 'யு' என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கத்தக்க 0.1 ஆம்பியர் இழை. அடுத்த எழுத்துகள் உள்ளே இருப்பதைக் கூறும். 'சி' மூன்று முனையுடைய டிரையோடு. 'எல்' ஒலிவாங்கியைத் தள்ளுவதன்று, ஒலிபெருக்கியை இயக்கும் வலிய வெளியீட்டு வால்வு. 'ஒய்' மாறுமின்னோட்டத்தின் ஒரு பாதியை மட்டும் செல்லவிட்டு அதை நேர்மின்னோட்டமாக்கும் திருத்தி வால்வு. ஆகவே இ.சி.சி.83 என்ற பெயரைப் பார்த்தவுடன், 6.3 வோல்ட் இழையும் இரண்டு டிரையோடுகளும் கொண்டது என்று சொல்லிவிடலாம். அதே வால்வை அமெரிக்கர் 12ஏ.எக்ஸ்.7 என்றனர். 6.3 எங்கே, 12 எங்கே என்று கேட்பீர்கள். அதன் இழை நடுவில் ஒரு முனை விடப்பட்ட இரு பாதிகளாக உள்ளது. பாதிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 6.3 வோல்ட், தொடராகச் சேர்த்தால் 12.6 வோல்ட். இரு நாட்டாரும் உண்மையையே கூறினர்!

பெயர் உதவும், ஆனால் பெயரை மட்டும் நம்புதல் ஆகாது. இ.சி.சி.82 என்று மற்றொரு வால்வு உண்டு. அதுவும் இரட்டை டிரையோடுதான். இழையும் அதேதான். அடிப்பாகத்தின் ஒன்பது ஊசிகளும் அதே வரிசையில் அமைந்தவை. 83 இருந்த குழியில் 82 தடையின்றி உட்காரும். ஆனால் 83-இன் பெருக்கும் திறன் 100; 82-இன் திறன் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாதஸ்வரக் கலைஞர் எவரும் கையில் அகப்பட்ட சீவாளியைச் செருகி வாசிப்பதில்லை. குழலில் அது பொருந்தலாம். சுருதி பொருந்த வேண்டுமே! குழியில் பொருந்துவது வேறு, வேலையில் பொருந்துவது வேறு. மாற்றுத் தேடுவோன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "இதன் பெயர் என்ன?" என்பதன்று, "இந்த இடத்தில் இது என்ன வேலை செய்துகொண்டிருந்தது?" என்பதே என்பது என் கருத்து. இக்கேள்வியை ஒரு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்க நேர்ந்த நிகழ்ச்சிக்கு இப்பொழுது வருவோம்.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான வானொலிப் பெட்டி உற்பத்தி நிறுத்தப்பட்டது. போர் உற்பத்தி வாரியத்தின் ஆணை அது. செம்பும் நிக்கலும் தொழிலாளரும் படைக்கருவிகளுக்குத் தேவைப்பட்டனர். புதுப் பெட்டி வாங்க முடியாது என்பது மட்டுமன்று. பழைய பெட்டிக்கான வால்வுகளும் அரிதாகிவிட்டன. 1943-இல் மற்றோர் ஆணை வந்தது. பழுதான பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால், அல்லது தேவையை உறுதிகூறிக் கையெழுத்திட்டால்தான் புதிய பாகம் கிடைக்கும் என்றது அது. போர்முனையில் மகன் இருக்கும் வீட்டாருக்கு வானொலி பொழுதுபோக்குப் பொருளன்று. இத்தனைக்கும் நடுவே, பழுதுபார்ப்போரிற் பலர் படையிற் சேர்ந்துவிட்டனர். எஞ்சியவர்களின் மேசைமேல் பேசாத பெட்டிகள் குவிந்தன.

அந்நாளில் அமெரிக்க வீடுகளில் மிகுதியாகப் பரவியிருந்தது மலிவான ஐந்து வால்வுப் பெட்டி. அதில் மின்மாற்றி கிடையாது. ஐந்து வால்வுகளின் இழைகளும் மாலையில் பூக்களைப் போல ஒரே சரத்தில் கோக்கப்பட்டிருக்கும். 12எஸ்.ஏ.7, 12எஸ்.கே.7, 12எஸ்.கியூ.7 என்ற மூன்றுக்கும் 12.6 வோல்ட் வீதம் 37.8 வோல்ட், 50எல்.6 என்ற வெளியீட்டு வால்வுக்கு 50, 35இசட்.5 என்ற திருத்தி வால்வுக்கு 35. கூட்டிப் பாருங்கள்: 122.8 வோல்ட். அமெரிக்க வீட்டு மின்சாரமோ ஏறத்தாழ 117 வோல்ட். ஆகவே சரத்தின் இரு முனைகளையும் நேரே சுவரிலுள்ள மின்துளையில் இணைத்துவிடலாம். சிக்கனமான ஏற்பாடு! ஆனால் ஓர் இழை அறுந்தால் ஐந்தும் இருண்டுவிடும்.

50எல்.6 அறுந்துபோயிற்று, சந்தையில் அது இல்லை. 35எல்.6 என்ற வால்வு ஒன்று கடைக்காரரின் அலமாரியில் கிடக்கிறது. அதே வகையான வெளியீட்டு வால்வு. ஊசி வரிசையும் அதே. இழை மட்டும் 50-க்குப் பதில் 35 வோல்ட். அப்படியே செருகினால் மிகுதியான 15 வோல்ட் மற்ற இழைகளின்மேல் ஏறி அவற்றின் ஆயுளைக் குறைக்கும். எனவே அந்த 15 வோல்ட்டை ஏற்றுக்கொள்ள ஒரு தடையைச் சரத்தில் சேர்க்கவேண்டும். சரத்தில் ஓடுவது 0.15 ஆம்பியர். 15-ஐ 0.15-ஆல் வகுத்தால் 100 ஓம். அத்தடை வெளிவிடும் வெப்பம் 15 பெருக்கல் 0.15, அதாவது 2.25 வாட். ஆதலால் குறைந்தது 5 வாட் தாங்கும் தடையாக எடுத்து, மெழுகு பூசிய மின்தேக்கிகளுக்கு அருகில் வைக்காமல் தள்ளிப் பொருத்தவேண்டும். ஒலி சற்றுக் குறையலாம். ஆனால் அன்றிரவே அந்த வீட்டில் செய்தி கேட்கும்.

இதே முறையை எங்கும் கையாளலாம் என்று நினைத்தவர்கள் விரைவில் ஒரு சுவரில் மோதினர். 12எஸ்.கே.7-க்குப் பதில் 6எஸ்.கே.7 என்ற வால்வைப் பாருங்கள். இழையைத் தவிர இரண்டும் ஒன்றே. அதன் இழைக்கு வேண்டியது 6.3 வோல்ட், மீதி 6.3 வோல்ட்டுக்கு ஒரு தடை சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த இழை 0.3 ஆம்பியர் கேட்கிறது. சரத்தில் ஓடுவதோ அதில் பாதி. பாதி மின்னோட்டத்தில் இழை போதிய அளவு சூடேறாது. வால்வு வேலை செய்யாது. சரம் முழுவதிலும் 0.3 ஆம்பியர் ஓடச் செய்தால் மற்ற நான்கும் எரிந்துபோகும். அவற்றைக் காக்க ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு தடை வைத்து, மிகுதி 0.15 ஆம்பியரை அதன் வழியே திருப்பிவிடவேண்டும். அப்படிச் செய்தால் 16 வாட்டுக்கு மேல் வெப்பம் அச்சிறு பெட்டிக்குள் வீணாக எழும். பெட்டி வானொலியாக இராது, அடுப்பாக இருக்கும். தொடர் இணைப்பில் மின்னோட்டமே தலைவன், பக்க இணைப்பில் மின்னழுத்தமே தலைவன் என்று வகுப்பில் படிக்கிறோமல்லவா? அதை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

தொழில் இதழ்கள் மாதந்தோறும் மாற்றுப் பட்டியல்களை வெளியிட்டன. எந்த வால்வுக்கு எது ஈடு, எத்தனை ஓம் சேர்ப்பது, எந்த ஊசியின் கம்பியை எங்கே மாற்றிப் பற்றவைப்பது என்றெல்லாம் அவற்றில் கண்டிருக்கும். இப்பட்டியல்களுக்குப் பின்னே உள்ள உழைப்பைப் புகழ்ந்து எவரும் கவி பாடவில்லை. போர் வரலாறுகளிலும் அதற்கு இடமில்லை.

பிரிட்டன் வேறு வழியை நாடியது. அங்கே 1944-இல் பொதுமக்களுக்கென ஒரே வகையான போர்க்கால வானொலிப் பெட்டி விற்பனைக்கு வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் ஒரே வரைபடத்தின்படி அதைச் செய்தன. அதில் மத்திய அலை மட்டுமே உண்டு. அலங்காரம் எதுவும் இல்லை. விலை 12 பவுன் 3 ஷில்லிங் 4 பென்ஸ். வால்வுகளின்மேல் எந்தத் தொழிற்சாலையின் பெயரும் இன்றி, பி.வி.ஏ. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் மட்டுமே இருந்தன. எவர் செய்தாலும் ஒன்றுக்கொன்று மாற்றாக வேண்டும் என்பதே நோக்கம். படைத்துறையும் சி.வி. என்று தொடங்கும் பொது எண்களைக் கொடுத்தது. போருக்குப் பின்னும் இம்முறை தொடர்ந்தது. நாம் மேலே கண்ட இ.சி.சி.83-க்கு அங்கே சி.வி.492 என்று பெயர். பழைய படைத்துறைப் பெட்டி ஒன்றில் சி.வி.492 என்ற பெயரைக் கண்டு, இது எங்கும் கிடைக்காது என்று மனந்தளர்பவன், அது பக்கத்துக் கடையிலேயே வேறு பெயரில் இருப்பதை அறியான்.

போர் முடிந்தது. 1950-களில் ஐரோப்பாவிலும், அங்கிருந்து பெட்டிகள் இறக்குமதியான நாடுகளிலும் 'யு' வகை வால்வுச் சரங்கள் பெருகின. நம் நாட்டு 230 வோல்ட்டிலும் இவை ஓடின. யு.சி.எச்.81, யு.பி.எப்.89 ஆகியவற்றுக்குத் தலைக்கு 19 வோல்ட், யு.சி.எல்.82-க்கு 50, திருத்தி வால்வாகிய யு.ஒய்.85-க்கு 38, மொத்தம் 126. எஞ்சும் 104 வோல்ட்டை 1,040 ஓம் தடை ஒன்று ஏற்கும். பெங்களூரில் 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் இத்தகைய வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்மாற்றி இல்லாத இப்பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டகம் வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியோடு நேரே இணைந்திருக்கும். செருகியை மாற்றிச் செருகினால் அச்சட்டகமே உயிர் குடிக்கும் கம்பியாகிவிடும். தகுந்த ஆசிரியர் துணையின்றி இவற்றைத் திறக்கலாகாது. தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்தே வேலை செய்யவேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

யு.ஒய்.85 பழுதானால் இன்று பலரும் எடுப்பது 1என்4007 என்ற சிலிக்கன் டையோடு. அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. விலையும் மிகச் சொற்பம். வால்வு செய்த வேலை ஒருவழிக் கதவு. டையோடும் ஒருவழிக் கதவே. ஆனால் வால்வு அங்கே இன்னும் மூன்று வேலைகளைச் சொல்லாமற் செய்துகொண்டிருந்தது. இழையின் வடிவில் 38 வோல்ட்டை ஏற்றது; அதற்கு ஈடாக 380 ஓம் தடை வேண்டும். அத்தடையில் 3.8 வாட் வெப்பம் எழும். 10 வாட் தாங்குவதாக இருத்தல் நலம். இரண்டாவது, வால்வுக்குள் சில வோல்ட்டுகள் குறைந்தே வெளிவந்தன. டையோடில் அக்குறைவு ஏறக்குறைய ஒரு வோல்ட்தான். அதற்காகத் தகட்டு மின்னோட்டப் பாதையிலும் ஒரு தடை சேர்க்கவேண்டும். மூன்றாவது வேலையைப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. வால்வு மெல்லச் சூடேறி, மற்ற வால்வுகளும் விழித்தெழும் வேளையில்தான் மின்சாரத்தை அனுப்பியது. டையோடு பொறுமையற்றது, விசையைத் தட்டிய கணத்திலேயே அனுப்பிவிடும். மற்ற வால்வுகள் இன்னும் குளிர்ந்திருப்பதால் அந்த மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வார் எவரும் இல்லை. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். மின்தேக்கிகள் அதுவரை ஏறி நிற்கும். 300 வோல்ட்டுக்கென்று செய்த மின்தேக்கி என்னாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

டையோடைத் தெரிந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மின்தேக்கி நேர்த் திசையில் 325 வோல்ட்டில் நிற்க, மாறுமின்னழுத்தம் எதிர்த் திசையில் 325 வோல்ட்டுக்குச் செல்லும் கணத்தில் டையோடின் மேல் விழுவது 650 வோல்ட். எனவே 400 வோல்ட் தாங்கும் 1என்4004 போதாது. 1,000 வோல்ட் தாங்கும் 1என்4007 வேண்டும். இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

இனி டிரான்ஸிஸ்டர் காலம். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்ஸிஸ்டர் ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆனது. 1950-களின் நடுவில் ஓ.சி.71 போன்றவை கடைக்கு வந்தன. அதன் கண்ணாடி உறைக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். வெளிச்சம் பட்டால் அதில் மின்னோட்டம் கூடும் என்பதே காரணம். இதை அறிந்த ஆர்வலர்கள் வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, அதைவிட விலை மிகுந்த ஒளியுணர் டிரான்ஸிஸ்டருக்கு மாற்றாகப் பயன்படுத்தினார்கள். மாற்றுத் தேடும் கலையில் இப்படியும் ஒரு குறும்பு உண்டு.

நம் நாட்டில் 1962-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஜெர்மானியக் கருவிகளைச் செய்யத் தொடங்கியது. ஆனால் உலகெங்கும் சிலிக்கன் விரைவில் ஜெர்மானியத்தைத் தள்ளிவிட்டது. ஜெர்மானியம் வெப்பத்திற்கு அஞ்சுவது. ஏறத்தாழ 10 பாகை சூடு கூடுந்தோறும் அதன் கசிவு மின்னோட்டம் இரட்டிக்கும். சிலிக்கனோ அத்தகைய வெப்பத்தைப் பொருட்படுத்துவதில்லை. அவ்வாறாயின் பழைய பெருக்கியிலுள்ள ஏ.சி.128 இணையை எடுத்துவிட்டுச் சிலிக்கன் இணையை வைத்தால் மேன்மையாக இருக்குமே என்று தோன்றும். ஒலி கேட்கும், ஆனால் மெல்லிய இடங்களில் கரகரக்கும். ஜெர்மானியம் சுமார் 0.2 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும், சிலிக்கனுக்கு 0.6 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பழைய சுற்று 0.2 வோல்ட்டுக்கென அமைந்தது. அலையின் மேல்பாதியை ஒரு டிரான்ஸிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் தள்ளும்போது, இரண்டும் உறங்கும் ஓர் இடைவெளி நடுவில் விழுகிறது. உரத்த ஒலியில் அது மறைந்துவிடும். வீணையின் தேய்ந்து மறையும் நாதத்தில் முள்ளாகக் குத்தும். சார்பு மின்னழுத்தம் தரும் தடைகளை மாற்றினாலன்றி இது தீராது. மேலான உறுப்பு, மேலான மாற்றாக இருக்கவேண்டுமென்பதில்லை.

ஏ.எப்.117 என்ற டிரான்ஸிஸ்டரின் கதை இன்னும் விந்தையானது. சுற்றில் இருந்தாலும் சரி, கடையின் அலமாரியில் தொடாமற் கிடந்தாலும் சரி, அது காலப்போக்கிற் கெட்டுவிடும். அதன் உலோகக் கூட்டின் உட்புறத்திலிருந்து மயிரிழையினும் மெல்லிய உலோக இழைகள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து உள்ளிருக்கும் முனைகளைத் தொட்டுவிடுகின்றன. 'ஒருபோதும் பயன்படுத்தாத பழைய சரக்கு' என்று விளம்பரம் செய்யப்படும் ஏ.எப்.117-ஐயும் சோதித்தே வாங்கவேண்டும். அதற்கு நான்கு கால்கள். நான்காவது கால் கூட்டினைத் தரையோடு இணைப்பது. அந்த ஒரு காலை வெட்டிவிட்டால் பல சமயம் வானொலி மீண்டும் பேசும். கேட்பவருக்கு இது மந்திரம்போல் தோன்றும். இழை கூட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கூடு இப்பொழுது தரையைத் தொடவில்லை. அவ்வளவுதான். முனைகள் தமக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தால் இது பலிக்காது. அப்போது பின்னாளில் வேறு கூட்டில் வந்த ஏ.எப்.127-ஐ நாடவேண்டும்.

வால்வுகளையும் டிரான்ஸிஸ்டர்களையும் பற்றியே பேசுகிறோம். உண்மையில் பழைய கருவிகளில் முதலிற் கெடுவது பெரும்பாலும் மின்தேக்கி. பழுதுபார்ப்போர் வழக்கில் கண்டென்ஸர். காகிதமும் ஈயத்தாள் போன்ற உலோகத்தாளும் சுருட்டி மெழுகில் தோய்த்தது அது. காகிதம் ஈரம் உறிஞ்சும்; பிறகு மின்சாரம் கசியும். முந்திய வால்வின் தகட்டிலுள்ள 100 வோல்ட்டைத் தடுத்து, ஒலியை மட்டும் இ.எல்.84 என்ற வெளியீட்டு வால்வின் வலைக்கு அனுப்பவேண்டிய மின்தேக்கி ஒன்று கசிகிறது என்போம். கசிவின் தடை 10 மெகாஓம். வலையிலுள்ள தடை 0.47 மெகாஓம். கணக்கிட்டால் வலையில் சுமார் 4.5 வோல்ட் நேர் மின்னழுத்தம் ஏறுகிறது. அவ்வால்வுக்கு இருக்கவேண்டிய எதிர்ச் சார்போ சுமார் 7 வோல்ட்தான். மின்னோட்டம் அளவுக்கு மீறிப் பாய்ந்து வால்வின் தகடு சிவந்துபோகும். வால்வு கெட்டுவிட்டதென்று புதிய வால்வை வாங்கிச் செருகுபவன் அதையும் இழப்பான். மாற்றவேண்டியது இன்னதென்று அறியாமல் மாற்றுத் தேடுவதில் பயனில்லை.

நல்லவேளையாக, இங்கே மாற்றுக்குப் பஞ்சமில்லை. பாலியெஸ்டர் மின்தேக்கி எங்கும் கிடைக்கும். பழையதில் 0.05 மைக்ரோஃபாரட் என்றிருக்கும்; இன்று கிடைப்பது 0.047. மாணவர்கள் இவ்வேறுபாட்டைக் கண்டு தயங்குவதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். பழைய உறுப்புகளே 20 விழுக்காடு முன்பின்னாக இருந்தவை. 6 விழுக்காட்டுக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் நிலையங்களைத் தேர்ந்தெடுக்கும் அலைச்சுற்றில் அதே 6 விழுக்காடு நிலையத்தை முள்காட்டும் இடத்திலிருந்து நகர்த்திவிடும். ஒரே அளவு வேறுபாடு ஓரிடத்தில் பொருட்டன்று. மற்றோரிடத்தில் பெரும் பிழை. வடிகட்டும் மின்தேக்கியில் 'பெரிது நல்லது' என்ற எண்ணமும் தவறு. ஜி.இசட்.34 என்ற திருத்தி வால்வை அடுத்து 60 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் வைக்கலாகாது என்று அதன் குறிப்பேடு கூறுகிறது. அங்கே 220-ஐ வைத்தால், அதை நிரப்பப் பாயும் மின்னோட்டத்தில் காதோடு சிதைந்துவிடும்.

இத்தனை பாடு எதற்கு, புதுக் கருவி வாங்கினால் ஆயிற்றே என்று சிலர் கேட்கின்றனர். வீட்டுப் பெட்டியைப் பொறுத்தமட்டில் அது அவரவர் விருப்பம். ஒலிநாடாவைப் பொறுத்தமட்டில் அப்படிச் சொல்லிவிட முடியாது. சென்ற நூற்றாண்டின் பாடகர்களும் அறிஞர்களும் பேசியவை சுருள் நாடாக்களில் காந்தப் பதிவாக உறைந்துள்ளன. அவற்றை எண்ம வடிவிற்கு மாற்றுவதானாலும், ஒருமுறையேனும் அந்த நாடா பழைய கருவியின் முன்னே ஓடியாகவேண்டும். அக்கருவியின் பெருக்கியில் ஓர் உறுப்புப் பொருந்தாமல் மாற்றப்பட்டிருந்தால், அந்தக் கோணலே இனி என்றென்றைக்குமான பதிவாகிவிடும்.

வால்வு முற்றும் மறைந்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். மின்கித்தார் வாசிப்போரும் இசை ஆர்வலரும் வால்வுப் பெருக்கியை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதால், சுலோவாகியாவிலுள்ள சாட்சா நகரிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இ.சி.சி.83, இ.எல்.84, இ.எல்.34 போன்றவை இந்த நூற்றாண்டிலும் செய்யப்பட்டு வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா பல பொருள்களின் ஏற்றுமதியைத் தடுத்தபோது, அங்கிருந்து வரும் வால்வுகளின் வரத்து திடீரெனத் தடைப்பட்டது, விலை ஏறியது, வாங்குவோர் மீண்டும் மாற்றுப் பட்டியல்களைப் புரட்டினர். 1942-இன் காட்சி ஓரளவு திரும்பிற்று எனலாம்.

இதில் ஒரு வேடிக்கை என்னவெனில், பலரும் விரும்பும் இ.சி.சி.83-இன் பழைய சரக்கு பெருவிலை பெறுகிறது. எவரும் புதிதாகச் செய்யாத வானொலி வால்வுகளிற் பல மலிவாகக் கிடைக்கின்றன. யு.சி.எச்.81-ஐ இன்றைய உற்பத்தியாளர் பட்டியல்களில் நான் காணவில்லை. அலைவரிசையை மாற்றும் அதன் வேலைக்குச் சிலிக்கனில் நேர் மாற்று எதுவும் இல்லை. தடையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யக்கூடிய இடமன்று அது. விற்காமற் போன பழைய அட்டைப் பெட்டிகளில் உறங்கும் வால்வுகளையே அதற்கு நாடவேண்டியிருக்கிறது.